புல்லட்டுக்கு மாற்று எது? வாகன நேசமும் அதன் வரம்புகளும்



தண்டையார்பேட்டையில் வாழும் நமக்கு வாகனம் என்பது கடையில் விற்கும் ஒரு பொருள் மட்டுமன்று. அது நம் வட்டாரத்தின் தொழில், நம் பெற்றோரின் ஊதியம். திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்ஆர்எஃப். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை ஒருங்கிணைத்தது. அதுவே பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. அதன் தொழிற்சாலை நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே எழுந்தது. 1932இல் இங்கிலாந்தில் பெயர் சூட்டப்பட்ட புல்லட், பிறந்த நாட்டில் தன் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் நம் ஊரில் தொடர்ந்து உருவாகிவந்தது. 1977 முதல் இங்கிருந்தே பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது.

எனவே நம் பகுதியின் பல வீடுகளில் வாப்பா ஓட்டிய புல்லட் ஒன்று இன்றும் நிற்கிறது. சில வீடுகளில் அது யமஹா ஆர்எக்ஸ் 100. சில வீடுகளில் மைசூரில் உருவான யெஸ்டி. வசதி படைத்த ஒன்றிரண்டு வீடுகளில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். எதுவாயினும் ஒருநாள் அது தளர்கிறது. உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிறது. பதினைந்து ஆண்டு கடந்ததும் தகுதி ஆய்வு செய்து, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அப்போது அந்த வீட்டு இளைஞர் கேட்கிறார்: “இதற்கு மாற்றாக எதை வாங்குவது? வெறும் போக்குவரத்துக்கான வண்டி வேண்டாம். இதைப் போலவே குணமுள்ள ஒன்று வேண்டும்.”

இந்தக் கேள்விக்கு நம் சமுதாயத்தில் இரண்டு விடைகளே உடனடியாகக் கிடைக்கின்றன. பெரியவர்களுள் ஒரு சாரார், “வண்டி மீது என்ன மோகம்? துன்யாவின் மீதுள்ள ஆசை இது. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் ஏதேனும் ஒன்றை வாங்கு” என்று முடித்துவிடுகின்றனர். நண்பர் வட்டமோ, “ஆதார் அட்டையும் பான் அட்டையும் கொண்டுபோனால் போதும், மாலையிலேயே வண்டியோடு வரலாம்” என்கிறது. முதல் விடை நேசத்தையே குற்றமாக்குகிறது. இரண்டாம் விடை வட்டியை வாசலுக்கே அழைத்து வருகிறது. இரண்டுமே நம் மார்க்கத்தின் வழியன்று என்பதே நம் கருத்து.

நேசிப்பது தவறா?

திருமறையின் 16ஆம் அத்தியாயம் (அந்நஹ்ல்) 8ஆம் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை இறைவன் படைத்ததற்கு இரண்டு பயன்களைச் சொல்கிறது. ஒன்று, மனிதர் ஏறிச் செல்வது. மற்றொன்று, அலங்காரம். அதே வசனம் நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பதாக முடிகிறது. நீராவி, டீசல், மின்சாரம் என ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய வாகனம் தோன்றும்போது உலமாக்கள் இவ்வசனத்தை நினைவூட்டுவது வழக்கம். இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அலங்காரமும் ஓர் அருட்கொடையாகவே எண்ணப்பட்டிருக்கிறது என்பதை. ஊர்தி அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவது ஈமானுக்குக் குறைவன்று.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அவர்களுடைய ஊர்திகளுக்குப் பெயர்கள் இருந்தன. கஸ்வா, அழ்பா என்னும் ஒட்டகங்கள். லுஹைஃப் என்னும் குதிரை. துல்துல் என்னும் கோவேறு கழுதை. உஃபைர் என்னும் கழுதை. பெயரிட்டு அழைக்கப்படும் ஊர்தி வெறும் கருவியாக இருக்க இயலாது.

ஹுதைபிய்யா பயணத்தில் கஸ்வா வழியில் மண்டியிட்டு அமர்ந்துகொண்டது. அது முரண்டு பிடிக்கிறது என்று மக்கள் கூறினர். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. முரண்டு பிடிப்பது கஸ்வாவின் குணமன்று, யானைப் படையைத் தடுத்தவனே அதையும் தடுத்திருக்கிறான் என்று விளக்கினார்கள். இச்செய்தி புகாரியில் இடம்பெறுகிறது. ஓர் ஊர்திக்குக் குணம் உண்டு, அதை ஓட்டுபவரே நன்கு அறிவார், அதன் மீது வீண்பழி விழும்போது அவர் பரிந்து பேசலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமோ?

மனிதனின் நற்பேறுகள் நான்கு என்று எண்ணிய நபிமொழி ஒன்று இப்னு ஹிப்பானில் உள்ளது. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியோருடன் நான்காவதாக வருவது இதமான வாகனம். நல்ல வாகனத்துக்காக ஆசைப்படும் இளைஞரைத் துன்யாவின் அடிமை என்று ஏசுமுன் இந்த நபிமொழியை நாம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குணம் எங்கே இருக்கிறது?

பழைய புல்லட்டை அறிந்தவர்களுக்கு அதன் குணம் என்னவென்று தெரியும். 346 சிசி கொள்ளளவு. 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 90 மி.மீ. உயரம் ஏறி இறங்கும் பிஸ்டன். அந்த நீண்ட ஓட்டமே ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணத்தக்க அந்த ஓசையைத் தந்தது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முகப்பு விளக்கின் மேல் அம்மீட்டர். உதைக்குமுன் டிகம்ப்ரஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவே வரும்வரை கிக்கரை மெல்ல நகர்த்தி, பிறகு உதைக்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பொறுமையுடன் பின்பற்றியவருக்கு அது ஒரே உதையில் புறப்பட்டது. அவசரப்பட்டவரின் காலைத் திருப்பி அடித்தது.

மாற்று வண்டி தேடுவோர் பெரும்பாலும் இங்குதான் தடுமாறுகிறார்கள். தாம் நேசித்த குணம் முழுவதும் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது என்று எண்ணுகிறார்கள். ஆனால் அதில் பாதி அந்த வீட்டில் உருவானது. இருபது ஆண்டுகளாக ஒரே மெக்கானிக்கிடம் சென்றது. வாப்பா ஞாயிறுதோறும் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டது. பெருநாள் தொழுகைக்கு மூவரை ஏற்றிச் சென்றது. பிரசவ வலியெடுத்த உம்மாவுக்கு ஆட்டோ கிடைக்காத இரவில் உதவியது. இவற்றை எந்த ஷோரூமும் விற்பதில்லை. புதிய வண்டியில் பழைய வண்டியைத் தேடுபவர், எதை வாங்கினாலும் ஆறு மாதத்தில் சலிப்படைவார். அதன்பின் அடுத்ததைத் தேடத் தொடங்குவார்.

அழ்பா என்னும் ஒட்டகத்தைப் பற்றிய நிகழ்ச்சி இதற்கு மருந்து. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் இளம் ஒட்டகம் ஒன்றில் வந்து அதை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்கு அது பெரும் மனவருத்தத்தைத் தந்தது. அதைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்துவிட்ட எதையும் தாழ்த்துவது இறைவன் தன்மீது ஆக்கிக்கொண்ட நியதி என்று உணர்த்தினார்கள் (புகாரி). அழ்பாவுக்கே அந்த நியதி என்றால், திருவொற்றியூர் புல்லட்டுக்கு விலக்கு இல்லை. தளர்ந்தது தளர்ந்ததுதான். அதற்காக வருந்தலாம், அந்த நியதியை வெல்ல முயல வேண்டியதில்லை.

முன்னுள்ள வழிகள்

முதல் வழி, இருப்பதையே புதுப்பிப்பது. நம்மில் பலர் இதை எண்ணிப் பார்க்காமலே விற்றுவிடுகின்றனர். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட், பழுது பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற எளிய இயந்திரம். எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனியே அமைந்தவை. ஒன்றில் குறை என்றால் மற்றொன்றைப் பிரிக்க வேண்டியதில்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். சேஸிஸ் நேராகவும் பதிவு ஆவணங்கள் சரியாகவும் இருந்தால், புதுப்பிக்கும் செலவு புதிய வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதியே. வீண் விரயத்தைத் திருமறை கண்டிக்கிறது. ஓடக்கூடிய ஒன்றைக் கிடப்பில் போட்டுவிட்டுப் புதியதை வாங்குவதும் விரயத்தின் ஒரு வடிவமாகலாம். ஆயினும் டிரம் பிரேக் மட்டுமே கொண்ட வண்டியில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே நாள்தோறும் எண்ணூர் சென்று திரும்புபவருக்கு இவ்வழி பொருந்தாது. உயிரைக் காப்பதும் கடமையே.

இரண்டாம் வழி, இன்றைய 350 சிசி புல்லட் அல்லது கிளாசிக். 349 சிசி, ஏறத்தாழ 20 குதிரைத் திறன், ஐந்து கியர், எரிபொருள் செலுத்தும் மின்னணு முறை, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ். பிஸ்டன் ஓட்டம் இன்றும் 85.8 மி.மீ. நீளம் கொண்டதே, எனவே பழைய ஓசையின் சாயல் எஞ்சியிருக்கிறது. ஆனால் கியர் இடக்காலுக்கு வந்துவிட்டது. அம்மீட்டரும் டிகம்ப்ரஸரும் போய்விட்டன. பொத்தானை அழுத்தினால் புறப்படுகிறது. குணம் குறைந்துவிட்டது என்று பழையவர்கள் குறைபடுவர். மழைநாளில் சுபுஹு தொழுகைக்குப் புறப்படுபவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

மூன்றாம் வழியே இளைஞர்களின் கண்ணை நிறைக்கிறது. அது 2018இல் வெளிவந்த கான்டினென்டல் ஜிடி 650. 1960களின் பிரிட்டிஷ் இளைஞர்கள் ஓட்டிய கஃபே ரேசர் வகையின் மறுபிறப்பு. 648 சிசி, இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத் திறன், ஆறு கியர். அழகில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நம் சென்னையில் உருவாகி உலகமெங்கும் செல்லும் வண்டி என்பதில் பெருமிதமும் நியாயமே. ஆனால் வாங்குபவர் சிலவற்றைக் கணக்கிட வேண்டும். எடை 200 கிலோவுக்கு மேல். கைப்பிடி தாழ்வானது, ஓட்டுபவர் முன்சாய்ந்தே அமர வேண்டும். சுங்கச்சாவடி முதல் திருவொற்றியூர்வரை நாம் செல்லும் சாலைகளில் அந்த 47 குதிரைகளில் பத்துக்கு மேல் வேலை இருப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. 350 வரையிலானவற்றுக்கு 18 விழுக்காடு. அரசின் வரிக் கணக்கிலேயே முன்னது ஆடம்பரம் என்னும் தட்டில் வைக்கப்பட்டுவிட்டது.

பின்னிருக்கையையும் மறந்துவிடலாகாது. நம் வீட்டுப் பெண்களின் புர்காவும் துப்பட்டாவும் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கி நேரும் விபத்துகள் நாம் அறியாதவை அல்ல. பந்தய வடிவ வண்டிகளில் பின்னிருக்கை ஒரு சம்பிரதாயமே. சேலைக் கார்டைக் கழற்றி எறிவதை அழகு என்று எண்ணும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உம்மாவோ மனைவியோ அமர அஞ்சும் வண்டி, குடும்பத்தின் பணத்தில் வாங்கப்பட்டாலும் குடும்பத்தின் வண்டி ஆகாது. ஆகவே முன்பணம் கட்டுமுன் அவர்களை அழைத்துச் சென்று அமரச் சொல்லிப் பாருங்கள். கலந்தாலோசித்தல் நாட்டை ஆள்பவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

மூன்று குதிரைக்காரர்கள்

எந்த வண்டி என்பதைவிட எந்த எண்ணம் என்பதே பெரிய கேள்வி. அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் புகாரி நபிமொழி ஒன்று குதிரை வைத்திருப்போரை மூவகையாகப் பிரிக்கிறது. ஒருவருக்கு அது நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச்சுமை. இறைவழியில் பயன்பட வளர்ப்பவர் முதல்வகை. பிறரிடம் கையேந்தாமல் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ள வளர்த்து, அதில் இறைவனுக்குரிய உரிமையை மறவாதவர் இரண்டாம் வகை. பெருமைக்கும் பகட்டுக்கும் முஸ்லிம்கள்மீது பகைமை பாராட்டவும் வளர்ப்பவர் மூன்றாம் வகை. குதிரை ஒன்றே, அதன் மீதுள்ளவரின் எண்ணமே கணக்கை மாற்றுகிறது.

பெருமை என்றால் என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என விரும்புவது பெருமையா என ஒருவர் வினவியபோது, இறைவன் அழகானவன், அழகை விரும்புபவன் என்று பதில் கிடைத்தது. பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் விளக்கப்பட்டது (முஸ்லிம்). ஆகவே பளபளக்கும் டேங்க் பெருமையன்று. சிக்னலில் அருகே நிற்கும் பழைய டிவிஎஸ் 50காரரை, மீன்கூடை ஏற்றிக் காசிமேட்டிலிருந்து வருபவரை ஏளனமாகப் பார்க்கும் அந்தப் பார்வையே பெருமை.

சைலன்சர் விவகாரமும் இதைச் சேர்ந்ததே. கம்பெனி பொருத்தியதைக் கழற்றிவிட்டுக் காதைப் பிளக்கும் ஒன்றைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் இடம்பெற்றதைத் திருமறை பதிவு செய்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் தூங்கும் குழந்தையும் நோயாளியும் முதியவரும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்களே பாதைக்குத் தொல்லையாகலாமா?

பந்தயமும் அப்படியே. பந்தயத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. நபியவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். இளைஞரான இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டார். தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்பட்ட தடம், தகுதிக்கேற்ற பிரிவு என அன்றே ஒழுங்கு இருந்தது. நம் வடசென்னைக்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தடம் அமைந்தது. வேகம் பழக விரும்புவோருக்கு இடம் இருக்கிறது. நள்ளிரவில் பொதுச்சாலையில் பணயம் கட்டிப் பறப்பது பந்தயமும் அன்று, வீரமும் அன்று. சூதும் கொலையபாயமும் சேர்ந்த செயல் அது. இதில் பெற்றோரின் மௌனமும் கண்டிக்கத்தக்கதே.

வட்டி என்னும் பெரும் பள்ளம்

இனி, நம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் செய்திக்கு வருவோம். புதிய பைக்குகளுக்கான பணம் பெரும்பாலும் வட்டிக் கடனாகவே வருகிறது. பன்றி இறைச்சியின் வாடைக்குக்கூட முகம் சுளிக்கும் குடும்பம், வட்டிக் கடன் ஒப்பந்தத்தில் இருபது பக்கங்களில் கையொப்பமிடும்போது சிறிதும் தயங்குவதில்லை. வட்டியைக் கைவிடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரும் அதில் சமமே என்கிறது முஸ்லிமில் வரும் நபிமொழி. வாப்பாவின் ஹலாலான உழைப்பில் வந்த பழைய வண்டியை விற்று, அந்த இடத்தில் வட்டியில் வந்த வண்டியை நிறுத்துவது என்ன மாற்று?

“வட்டியின்றி இக்காலத்தில் இயலுமா?” என்று கேட்போருக்கு ஓர் எளிய கணக்கு. 3 லட்சம் ரூபாய்க் கடன், குறையும் நிலுவைமீது ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, 48 மாதத் தவணை என வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 7,900 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 3,79,000. வட்டி மட்டும் 79,000. அதே 7,900 ரூபாயை மாதந்தோறும் சேர்த்துவந்தால் 38 மாதங்களில் 3 லட்சம் சேர்ந்துவிடும். தவணை கட்ட இயல்பவரால் சேமிக்கவும் இயலும். இடையில் விலை ஏறலாம் என்பது உண்மைதான். பழைய வண்டியை விற்று வரும் தொகையும், ஓராண்டு ஓடிய வண்டியை நேரடியாக வாங்கும் வழியும் அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை. இல்லாதது மூன்றாண்டுப் பொறுமை மட்டுமே. அந்த மூன்றாண்டும் வீணன்று. உண்மையிலேயே அந்த வண்டி வேண்டுமா, அல்லது ஒரு மாலை நேரத்து மயக்கமா என்பது அதற்குள் தெளிந்துவிடும்.

உறவினர் தரும் அழகிய கடன் மற்றொரு வழி. ஆனால் அதையும் எளிதாக எண்ண வேண்டாம். கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். தேவைக்கு மேற்பட்ட வண்டிக்காகக் கடன் சுமப்பவர் இதை நினைவில் கொள்ளட்டும். சேமிக்கும் தொகை நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு ஜகாத் இல்லை. அதை வாங்கச் சேர்த்த பணத்துக்கு உண்டு. விவரத்தை மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைகொடுக்கும் முறை

புதியதைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் பழையதற்கு விடைகொடுப்பதிலும் காட்ட வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் புகாரி நபிமொழி கூறுகிறது. ஓடோமீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது, சேஸிஸ் விரிசலைப் பெயின்டால் மறைப்பது, எஞ்சின் சத்தத்தைக் கெட்டி ஆயிலால் அடக்குவது யாவும் மோசடியே. படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடிக்காமல் விட்டுவிடுவதும் தவறு. நாளை விபத்து நேர்ந்தால் பதிவில் உள்ள பெயருக்கே அழைப்பாணை வரும்.

விற்பனையிலும் அன்பு இருக்கலாம் என்பதற்கு ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகமே சான்று. தளர்ந்து பின்தங்கிய அந்த ஒட்டகத்துக்காக நபியவர்கள் பிரார்த்தித்தார்கள், அது விரைந்தது. பின்னர் அதை விலைபேசினார்கள். மதீனா சேரும்வரை அதில் தாமே ஏறிவருவேன் என்று ஜாபிர் நிபந்தனையிட்டார். நபியவர்கள் அதை ஏற்றார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்தார்கள். தம் ஊர்தியை விட்டுப் பிரியத் தயங்கும் இளைஞரின் மனத்தை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு.

விற்க வேண்டிய நிலை இல்லாதவர் இன்னொன்றையும் எண்ணலாம். நேசிப்பவற்றிலிருந்து செலவிடும்வரை நன்மையை அடைய முடியாது என்னும் பொருளில் அமைந்த ஆலு இம்ரான் 92ஆம் வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே தர்மமாக்கினார். வேலைக்குச் செல்ல வண்டியின்றித் தவிக்கும் ஓர் உறவினருக்கு, நன்கு பழுதுபார்த்த அந்தப் பழைய வண்டி பெரும் வாழ்வாதாரமாகலாம். ஆனால் கொடுத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. உமர் (ரலி) தாம் தர்மம் செய்த குதிரை சரியாகப் பராமரிக்கப்படாததைக் கண்டு அதை விலைக்கு வாங்க விரும்பியபோது நபியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

சூரியன் மறையும்வரை

நேசத்தின் எல்லையை ஸாத் அத்தியாயம் சுலைமான் (அலை) அவர்களின் வழியாகக் காட்டுகிறது. ஒரு மாலைப்பொழுதில் உயர்ந்த இனக் குதிரைகள் அவர்கள் முன் நிறுத்தப்பட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது மறைந்துவிட்டது. இறைநினைவு தவறியதை அவர்கள் உடனே உணர்ந்தார்கள். அதன்பின் அக்குதிரைகளின் கால்களையும் கழுத்துகளையும் அவர்கள் தடவியதை, அறுத்துப் பலியிட்டார்கள் என்று சில விரிவுரையாளர்களும், அன்புடன் வருடிக்கொடுத்தார்கள் என்று வேறு சிலரும் விளக்குகின்றனர். எவ்விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று உறுதி. குதிரைகளை நேசித்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. பொழுது மறைந்ததுதான் அவர்களை உலுக்கியது. அஸர் பாங்கு கேட்கும்போது வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பவர் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால், அவருடைய நேசம் எல்லைக்குள் இருக்கிறது. எழ மனம் வராவிட்டால் அது எந்த வண்டியானாலும் விலை மிகுந்ததே.

நம் பேட்டைக்கே பெயர் தந்தவராகச் சொல்லப்படுபவர், தொண்டியை அடுத்த குணங்குடியிலிருந்து வந்து இங்கு வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்கள். அனைத்தையும் துறந்தவரின் பெயரைத் தாங்கிய ஊரில், உலகுக்கு வாகனம் செய்யும் ஆலைகளும் அமைந்தன. எல்லோரும் அவரைப் போலத் துறவு பூண வேண்டும் என மார்க்கம் கேட்கவில்லை. பொருள் கையில் இருக்கட்டும், இதயத்தில் குடியேறாதிருக்கட்டும் என்றே கேட்கிறது.

ஆகவே இளைஞர்களே, குணமுள்ள வண்டியை விரும்புங்கள், தயங்க வேண்டாம். முதலில் பழையதைப் புதுப்பிக்க இயலுமா என்று பாருங்கள். இயலாவிட்டால் உங்கள் சாலைக்கும் உங்கள் குடும்பத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். வட்டியின்றி வாங்கும்வரை பொறுத்திருங்கள். இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். ஏறி அமரும் ஒவ்வொரு முறையும், இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, நம் சக்தியால் இதை அடக்கவில்லை என ஒப்புக்கொண்டு, அவனிடமே திரும்பவிருக்கிறோம் என்று அறிக்கையிடும் அந்தப் பயண துஆவை ஓதுங்கள். அந்த துஆவை ஓதிய நாவோடு ஒருவர் நடுச்சாலையில் பகட்டுக் காட்ட இயலாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாத்து, ஹலாலான பொருளில் இதமான வாகனங்களை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.